மரமும் ஆழ்துளையும் சொல்லும் பழைய வெப்பம்: பீடோரில் கேட்ட கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோரில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தருகிறேன். பருவநிலைப் பாடம் வரும்போது "கடந்த ஆயிரம் ஆண்டுகளில்" என்று ஒரு வரி கட்டாயம் வரும். உடனே கைகள் உயரும். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, அப்பாக்களும் தாத்தாக்களும் ஒட்டுக்கடையில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் வருவது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் சில பதில்களுக்கு முன்னால் உள்ளவை வேண்டும்.

1. தெர்மாமீட்டரே இல்லாத காலத்துல எவ்வளவு சூடுன்னு இப்ப எப்படி சார் சொல்றாங்க?

நேரடியாகச் சொல்ல முடியாது, உண்மைதான். விடாமல் அளந்து எழுதிய வெப்பக் கணக்குகளில் மிகப் பழையது மத்திய இங்கிலாந்துடையது. அது 1659இல் தொடங்குகிறது. சென்னை வானாய்வகத்தில் 1796 முதல் குறித்திருக்கிறார்கள். உலகம் முழுவதற்கும் சராசரி போடும் அளவுக்கு நிலையங்கள் பெருகியது 1850 வாக்கில்தான்.

அதற்கும் முன்னால் போக வேண்டுமானால், அன்றைய வெப்பத்தால் ஏதோ ஒரு விதத்தில் மாறி, அந்த மாற்றத்தை இன்றுவரை விடாமல் வைத்திருக்கும் பொருளைத் தேட வேண்டும். மர வளையம் அப்படி ஒன்று. பூமிக்குள் இருக்கும் பாறையின் சூடு இன்னொன்று. பனிக்கட்டி, பவளம், ஏரிச் சேறு என்று வேறு பலவும் உண்டு. ஆனால் இங்கே எல்லாரும் துருவிக் கேட்பது முதல் இரண்டைத்தான்.

2. ஒரு வளையம்னா ஒரு வருசம்னு எப்படி நம்புறது? தப்பா எண்ணிட்டா?

குளிர்நாட்டில் வசந்தத்தில் மரம் விறுவிறுவென்று வளரும். அப்போது பெரிய செல்கள், வெளிறிய நிறம். கோடை முடிவில் வேகம் குறையும். அப்போது தடித்த சுவருள்ள சின்னச் செல்கள், கருத்த நிறம். குளிர்காலத்தில் வளர்ச்சியே நின்றுவிடும். வெளிறிய பட்டையும் கருத்த கோடும் சேர்ந்ததுதான் ஒரு வருடம்.

தப்பாக எண்ணுவது நடக்கும். ரொம்ப மோசமான ஆண்டில் மரம் வளையமே போடாமல் விடலாம். நடுவில் வறட்சி வந்து மழை திரும்பினால் ஒரே ஆண்டில் இரண்டு வளையம் போலத் தெரியலாம். அதனால் ஒரு மரத்தை மட்டும் வைத்து யாரும் எண்ணுவதில்லை. ஒரே வட்டாரத்தில் பல மரங்களை எடுத்து, தடித்த வளையம், மெலிந்த வளையம் வரும் வரிசையை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார்கள். ஒரு மரத்தில் 1847 விடுபட்டிருந்தால், அதற்கு முந்தைய வளையங்கள் எல்லாமே மற்ற மரங்களோடு ஓர் ஆண்டு தள்ளி நிற்கும். அங்கேயே பிடிபட்டுவிடும்.

இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த ஏ. இ. டக்ளஸ். அவர் ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சி மரத்தில் தெரிகிறதா என்று தேடப் போனவர். 1929இல் கரிந்துபோன ஓர் உத்தரக்கட்டை கிடைத்தது. அதன் வளையங்கள், உயிருள்ள மரங்களின் வரிசையையும் பழைய பூர்வகுடி வீடுகளின் கட்டைகளில் இருந்த வரிசையையும் இணைத்துவிட்டன. அதுவரை வயது தெரியாத வீடுகளுக்கெல்லாம் ஒரேயடியாக ஆண்டு கிடைத்தது. செத்த மரமும் பயன்படும் என்பதுதான் இதில் பெரிய விஷயம். ஸ்வீடன், பின்லாந்து வடபகுதிகளில் ஏரிச் சேற்றில் புதைந்த பைன் மரங்களைக் கோத்து ஏழாயிரம் ஆண்டுக்கும் மேல் பின்னால் போயிருக்கிறார்கள்.

3. இதுக்காக மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்க்கிறாங்களா?

இல்லை. உள்ளீடற்ற ஒரு திருகுக் கருவியைக் கையால் திருகி மரத்தின் நடு வரைக்கும் செலுத்துவார்கள். சுமார் 5 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு நீளக் குச்சி வெளியே வரும். நம் ஆட்கள் பால்மரத்தில் (ரப்பர் மரம்) பால் வெட்டும்போது பட்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இது கட்டைக்குள்ளேயே போகிறது, ஆனாலும் நல்ல மரம் பிசின் விட்டு அந்த ஓட்டையை மூடிக்கொள்ளும்.

வெட்டிய கதையும் உண்டு. 1964இல் அமெரிக்காவின் நெவாடாவில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர், வனத்துறை அனுமதியோடு ஒரு பிரிஸில்கோன் பைன் மரத்தை வெட்டவைத்தார். எண்ணிப் பார்த்தால் 4,800க்கும் மேல் வளையங்கள். அன்றைக்குத் தெரிந்த மிக வயதான மரம் அதுதான். இன்றுவரை அந்தத் துறையில் அதை வருத்தத்தோடுதான் பேசுகிறார்கள்.

4. நம்ம தோட்டத்துலயே இவ்வளவு மரம் நிக்குதே வாத்தியார், பால்மரத்துலயும் செம்பனையிலயும் பார்க்கக் கூடாதா?

செம்பனையை, அதாவது எண்ணெய்ப்பனையை, முதலில் ஒதுக்கிவிடலாம். மறுநடவுக்குச் சாய்த்த செம்பனையின் வெட்டுமுகத்தை உட்கார்ந்து பாருங்கள். ஈரமாக, நாராக, மேலெல்லாம் கருப்பும் பழுப்புமாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஒரு வட்டம்கூட இருக்காது. பனை, தென்னை, மூங்கில் எல்லாம் இந்த இனம். ஆண்டுக்கு ஒரு அடுக்காகக் கட்டையைச் சேர்க்கும் வளர்திசு அவற்றுக்குக் கிடையாது. அந்தப் புள்ளிகள் நீரும் உணவும் போகும் குழாய்க் கற்றைகள்.

பால்மரம் உண்மையான கட்டை மரம்தான். தை, மாசி வாக்கில் இலை உதிர்த்து மறுபடி துளிர்க்கவும் செய்கிறது. ஆனால் நம் ஊரில் அது முழுமையாகத் தூங்குவதில்லை, அதனால் வளையம் மங்கல். தெளிவாக இருந்தாலும் வயது போதாது. 1877இல்தான் பால்மரக் கன்றுகள் மலாயாவுக்கு வந்தன. அப்போது கோலகங்சாரில் நட்டவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் இன்றும் நிற்கிறது. தோட்டத்து மரங்களையோ இருபத்தைந்து முப்பது ஆண்டில் சாய்த்துவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய தடை வேறு. இங்கே மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரியில் இரண்டு டிகிரி வித்தியாசம் வந்தாலே அதிகம். வெப்பம் குறைந்ததால் நம் மரம் வளராமல் நின்றது என்று ஓர் ஆண்டும் கிடையாது. மழையில்லாத பருவம் தெளிவாக இருக்கும் இடங்களில் கதை வேறு. பர்மா, தாய்லாந்து, ஜாவா தேக்குகள் நல்ல வளையம் போடும். வியட்நாம் மலையில் ஒருவகை சைப்ரஸ் மரத்தை வைத்து ஏழரை நூற்றாண்டு மழைக் கணக்கு எடுத்து, கம்போடியாவின் அங்கோர் நகரம் நலிந்த காலத்தில் கடும் வறட்சிகள் வந்ததை 2010இல் காட்டினார்கள். கவனியுங்கள், அவை வெப்பத்தை அல்ல, மழையைச் சொல்கின்றன.

5. தடித்த வளையம்னா சூடான வருசம், மெலிஞ்சா குளிர் வருசம். அவ்வளவுதானே?

அப்படி இருந்தால் எங்கள் வேலை எத்தனை சுலபம்! மரத்துக்கு எது பற்றாக்குறையோ அதைத்தான் வளையம் சொல்லும். வறண்ட சமவெளி மரத்துக்குத் தண்ணீர் பற்றாக்குறை, அது மழையைச் சொல்லும். அங்கே சூடான ஆண்டில் வளையம் மெலியக்கூடச் செய்யும். இதற்கு மேல் மரமே முளைக்காது என்ற உயரத்தில், அல்லது வடகோடியில் நிற்கும் மரத்துக்குக் கோடை வெப்பம்தான் பற்றாக்குறை. வெப்பம் அறிய விரும்புகிறவர்கள் அந்த விளிம்பு மரங்களைத் தேடித்தான் மலையேறுகிறார்கள்.

தடிப்பை மட்டும் பார்ப்பதும் இல்லை. கோடைக் கடைசியில் உருவாகும் கருத்த கோடு எவ்வளவு அடர்த்தி என்பதை எக்ஸ்-கதிரால் அளப்பார்கள். பல இடங்களில் தடிப்பைவிட இந்த அடர்த்திதான் வெப்பத்தோடு நன்றாக ஒத்துப்போகிறது. இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை 1815இல் வெடித்து, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. அந்த ஆண்டின் அடையாளம் குளிர்நாட்டு மரங்களில் பளிச்சென்று தெரியும்.

அளந்த எண்ணை டிகிரியாக மாற்றுவது அடுத்த படி. தெர்மாமீட்டர் கணக்கு உள்ள ஆண்டுகளில் ஒரு பாதியை எடுத்து வளையத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பைக் கணிப்பார்கள். மறுபாதியை ஒளித்துவைத்து, கணிப்பு சரியாக வருகிறதா என்று சோதிப்பார்கள். தேறாத மரத் தொகுதியைக் கழித்துவிட வேண்டியதுதான்.

6. வயசான மரம் மெதுவாத்தான் வளரும். அதைப் போய்க் குளிர்காலம்னு எழுதிட மாட்டாங்களா தம்பி?

நாற்பது ஆண்டு பால் வெட்டிய பெரியவர் ஒருவர் கேட்டது இது. நிபுணர்கள் இன்னமும் தலையைச் சொறியும் இடம் இதுதான்.

இளமரம் தடித்த வளையம் போடும். தண்டு பருக்கப் பருக்க அதே கட்டையை நீளமான சுற்றளவில் பரப்ப வேண்டியிருப்பதால் வளையம் மெலியும். இந்த வயதுச் சரிவைக் கணக்கிட்டுக் கழித்துவிடுகிறார்கள். கழிக்கும்போது ஓர் ஆபத்து: முந்நூறு ஆண்டு வாழ்ந்த மரத்தில், முந்நூறு ஆண்டாக மெல்ல மெல்ல நடந்த குளிர்ச்சியும் வயதுச் சரிவோடு சேர்ந்து கழிந்துபோகலாம். வெவ்வேறு காலத்தில் பிறந்த நிறைய மரங்களை வயதுவாரியாக அடுக்கிச் சராசரி எடுத்து இதைக் குறைக்கிறார்கள். முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மரம் ஆண்டுக்கு ஆண்டு நடந்ததைச் சொல்வதில் கெட்டி. நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல நடந்ததைச் சொல்வதில் கொஞ்சம் தடுமாறும்.

7. நிலத்துல ஓட்டை போட்டா அங்க எப்படி சார் பழைய வெயில் கிடக்கும்?

கொதிக்கும் குழம்பில் இரும்புக் கரண்டியைப் போட்டு வைத்தால் பிடி உடனே சுடாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சூடு ஏறும், அதுவும் குறைவாக. நிலமும் அப்படித்தான், ஆனால் மிக மிக மெதுவாக. பகல் இரவு மாற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கோடை குளிர் மாற்றம் பதினைந்து இருபது மீட்டரோடு சரி. ஒரு நூற்றாண்டாக மேலே வெப்பம் கூடியிருந்தால் அதன் தடம் 100 முதல் 150 மீட்டர் வரை இறங்கியிருக்கும். ஐந்நூறு ஆண்டு பார்க்க அரைக் கிலோமீட்டர் ஆழம் வேண்டும்.

துளையில் ஒரு நீண்ட கம்பியின் நுனியில் தெர்மிஸ்டரைக் கட்டி இறக்குவார்கள். தெர்மிஸ்டர் என்பது வெப்பம் மாறினால் மின்தடை மாறும் சின்ன உணரி. டிகிரியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தையும் அது பிடித்துவிடும். துளைத்த சூட்டோடு போய் அளக்கக் கூடாது. துளைப்பானின் உரசலும் ஊற்றிய தண்ணீரும் கலைத்த வெப்பம் பழைய நிலைக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

8. பூமிக்குள்ள போகப் போகச் சூடுதானே? அந்தச் சூட்டையும் மேலேயிருந்து போன சூட்டையும் எப்படிப் பிரிக்கிறது?

கீழிருந்து வரும் சூடு பல்லாயிரம் ஆண்டாக மாறாமல் வருகிறது. அதனால் ஒரே வகைப் பாறையில் வரைபடம் நேர்கோடாக இருக்கும்: பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி ஏற்றம். மேலே வெப்பம் மாறியிருந்தால் அந்தக் கோட்டின் மேல்பகுதி மட்டும் வளையும். ஆழத்தில் உள்ள நேர்கோட்டை மேலே நீட்டிப் பார்த்து, வளைவு அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

1986இல் வட அலாஸ்காவின் எண்ணெய்த் துளைகளை ஆராய்ந்த இருவர், அங்கே உறைநிலத்தின் மேற்பரப்பு சில பத்தாண்டு முதல் ஒரு நூற்றாண்டுக்குள் 2 முதல் 4 டிகிரி கூடியிருப்பதைக் காட்டினார்கள். 2000இல் அண்டார்டிகா தவிர்த்த கண்டங்களிலிருந்து 616 துளைகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஐந்நூறு ஆண்டில் சுமார் 1 டிகிரி கூடியிருக்கிறது, அதில் ஏறக்குறைய பாதி இருபதாம் நூற்றாண்டில் மட்டும் என்று வந்தது. கிரீன்லாந்தின் மூன்று கிலோமீட்டர் பனித்துளை இதைவிட வியப்பு. கடைசிப் பனியூழியின் உச்சத்தில் அங்கே இன்றைவிடச் சுமார் 23 டிகிரி குளிர் என்று அது சொல்கிறது.

9. எங்க எஸ்டேட்ல தண்ணிக்குப் போர் போட்டிருக்காங்க. அதுல கம்பியை விட்டுப் பார்த்துடலாம்லா?

பார்க்கலாம், ஏதாவது எண் வரும். அந்த எண்ணை நம்ப முடியாது. முதலில், பம்பு ஓடும் துளையில் தண்ணீர் மேலும் கீழும் போய் வெப்பத்தைக் கலக்கிவிடும். 7இல் சொன்னது எல்லாம் வெப்பம் பாறை வழியாக மட்டும் நகர்ந்தால்தான் பொருந்தும். தானாகவே நிலத்தடி நீர் ஓடும் இடமும் ஆகாது. இங்கிருந்து தெற்கே சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்குப் போய் முட்டை அவித்துச் சாப்பிட்டிருப்பீர்கள். அங்கே ஆழத்துச் சூட்டைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் வரைபடத்தின் வளைவு பருவநிலையால் வந்தது என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் தேடுவது கனிமம் தேடித் துளைத்துக் கைவிட்ட, நீரோட்டமில்லாத, ஆழமான துளைகளை.

அடுத்தது நிலத்தின் வரலாறு. இது நம் பகுதிக்கு ரொம்ப முக்கியம். காடாக இருந்தபோது இந்த மண்ணில் வெயிலே படாது. காட்டை அழித்தார்கள், ஈயத்துக்குத் தோண்டினார்கள், பால்மரம் நட்டார்கள், பிறகு செம்பனை. ஒவ்வொரு முறை மொட்டையாகும்போதும் தரைச் சூடு ஒன்றிரண்டு டிகிரி ஏறிவிடும். வானிலையில் ஒரு மாற்றமும் இல்லாவிட்டாலும் ஏறும். பாங்காக், ஒசாகா போன்ற நகரங்களுக்கு அடியில் அளந்தபோது கட்டடமும் தாரும் ஏற்றிய சூடு பல பத்து மீட்டர் ஆழத்தில் பதிந்திருந்தது. ஆகவே நம் தோட்டத்துத் துளை சொல்வது இந்த மண்ணின் கதையாக இருக்கும். உலகத்தின் கதையை அதிலிருந்து பிரித்தெடுப்பது பெரும்பாடு.

10. மரம் ஒண்ணு சொல்லுது, துளை இன்னொண்ணு சொல்லுதாமே. யாரை நம்புறது?

முதலில் வந்த மர வரைபடங்களைவிடத் துளைகள் ஐந்நூறு ஆண்டில் அதிக வெப்பமேற்றம் காட்டின என்பது உண்மை. ஆனால் இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை. மரம் காற்றின் வெப்பத்தை, அதிலும் வளரும் பருவத்தில் மட்டும் உணர்கிறது. துளை ஆண்டு முழுவதும் தரை எவ்வளவு சூடு என்பதை வைத்திருக்கிறது. குளிர்நாட்டில் பனி போர்த்தியிருந்தால் காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் தரை அதை முழுதாக உணராது.

தம்போராவைத் துளையில் தேடினால் கிடைக்காது. ஓராண்டுக் குளிர் கரைந்து காணாமல் போய்விடும். பின்னால் போகப் போகத் துளையில் ஐம்பது, நூறு ஆண்டுகள் ஒன்றாக மசங்கிவிடும். மரத்தின் பலவீனம் 6இல் சொன்னது. ஒன்றின் பலவீனம் மற்றதற்கு இல்லை. அப்படியிருந்தும் இருபதாம் நூற்றாண்டில் இரண்டுமே ஏற்றம் காட்டுகின்றன. எனக்கு நம்பிக்கை தருவது அதுதான். மரக் கணக்கில் மெல்லிய மாற்றங்கள் கழிந்துபோகாமல் காக்கும் முறைகள் வந்தபின், பழைய குளிர் இன்னும் ஆழமாகத் தெரிந்தது, துளைகளோடு இருந்த இடைவெளியும் குறைந்தது.

11. 1960க்கு அப்புறம் மரம் சரியாவே காட்டலையாமே? அதை மறைச்சாங்கன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே சார்?

இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. வடகோடியில் சில இடங்களில் 1960களுக்குப் பிறகு தெர்மாமீட்டர் ஏறுகிறது, வளையத்தின் அடர்த்தியும் தடிப்பும் அதோடு ஏறவில்லை. இதை விஞ்ஞானிகளே 1990களில் வெளிப்படையாக எழுதினார்கள். வெப்பம் கூடியதால் தண்ணீர்ப் பற்றாக்குறை வந்தது, காற்றிலுள்ள தூசியால் ஒளி குறைந்தது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒரே காரணம் என்று முடிவாகவில்லை.

2009 நவம்பரில் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்துப் பருவநிலை ஆய்வுப் பிரிவின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியே வந்தன. 1999இல் எழுதிய ஒன்றில் "சரிவை மறைக்க" என்ற சொற்கள் இருந்தன. அந்தச் சரிவு வெப்பத்தின் சரிவல்ல, மேலே சொன்ன மர அடர்த்தியின் சரிவு. ஓர் அறிக்கையின் அட்டைப்படத்தில் மரக் கோட்டை வெட்டித் தெர்மாமீட்டர் கோட்டோடு ஒட்டியிருந்தார்கள். 2010இல் விசாரித்த குழு, நேர்மையைச் சந்தேகிக்க இடமில்லை, ஆனால் விளக்கம் போடாத அந்தப் படம் தவறாக வழிநடத்துவது என்றது. எனக்கும் அதே கருத்துதான். கோட்டை வெட்டினால் வெட்டியதைச் சொல்ல வேண்டும்.

இதில் உண்மையான கடினக் கேள்வி வேறு: இன்றைய சூட்டை மரம் தவறவிட்டால், பழைய சூட்டையும் தவறவிட்டிருக்குமா? வடகோடி மரங்களையும் அதற்குத் தெற்கே உள்ள மரங்களையும் பல நூற்றாண்டுகளுக்கு ஒப்பிட்டால் இரண்டும் சேர்ந்தே போகின்றன. பிரிவது அண்மைக் காலத்தில் மட்டும். அது ஓரளவு ஆறுதல், முழு நிரூபணம் அல்ல. அதனால்தான் மரத்தை மட்டும் நம்பாமல் துளை, பனி, பவளம் எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள்.

12. அந்த ஹாக்கி மட்டைப் படம் பொய்னு நிரூபிச்சிட்டாங்கன்னு சொல்றாங்களே?

1998, 1999இல் மான், பிராட்லி, ஹியூஸ் என்ற விஞ்ஞானிகள் மூவரும் வெளியிட்ட பழைய வெப்பத்தின் வரைபடம் அது. நீண்ட தட்டையான பிடி, கடைசியில் மேலே திரும்பிய மட்டை. மெக்கின்டயர், மெக்கிட்ரிக் இருவரும் அதன் புள்ளியியல் முறையில் குறை கண்டார்கள். அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 2006இல் இதையெல்லாம் ஆராய்ந்தது. முறையில் குறை உண்டு, ஆனால் முடிவை அது பெரிதாக மாற்றவில்லை என்றது. கூடவே ஒரு நல்ல காரியம் செய்தது: கடைசி 400 ஆண்டுக்கு நம்பிக்கை அதிகம், 900 முதல் 1600 வரை குறைவு, 900க்கு முன்னால் மிகக் குறைவு என்று பிரித்து எழுதியது. அதற்குப் பிறகு தரவு நிறையச் சேர்ந்திருக்கிறது, கடைசித் திருப்பம் மட்டும் போகவில்லை.

13. முன்னாடியும் சூடாத்தானே இருந்துச்சு? அப்ப காரு ஏது, பேக்டரி ஏது?

ஐரோப்பாவின் சில பகுதிகளில் ஆயிரம் ஆண்டுக்கு முன் மிதமான சூடு இருந்தது, பின்னர் சில நூற்றாண்டுகள் குளிர். காரணங்கள் சூரியனும் எரிமலையும். 1257இல் இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் சமாலாஸ் எரிமலை வெடித்த சாம்பலும் கந்தகமும் இரு துருவப் பனியிலும் கிடைக்கின்றன. ஆனால் அந்தப் பழைய சூடு எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் வரவில்லை. 2019இல் வந்த ஆய்வு, கடந்த இரண்டாயிரம் ஆண்டில் மிகச் சூடான காலம் உலகப் பரப்பில் 98 விழுக்காட்டுக்கும் மேல் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது என்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய சூட்டுக்குக் கரியமில வாயு காரணம் என்பதை மர வளையம் நிரூபிக்கவில்லை. அது இயற்பியலிலிருந்து தனியாகத் தெரிந்தது. நாளைக்கே எல்லா வளையங்களையும் தூக்கிப் போட்டாலும் அந்தக் கணக்கு அப்படியே இருக்கும்.

14. கேமரன் மலை முன்ன மாதிரி குளிரல. அதுக்கும் மரத்தைத்தான் கேட்கணுமா?

வேண்டாம். அங்கே வானிலை நிலையம் இருக்கிறது, உங்கள் நினைவு போகும் தூரத்துக்குத் தெர்மாமீட்டரே போதும். அதற்கும் பின்னால் வெப்பமண்டலத்தில் போக விரும்புகிறவர்கள் பவளத்தையும் குகைப் பாறையையும் பிடிக்கிறார்கள். சரவாக்கின் முலு குகைகளில் எடுத்த கசிவுப் பாறைகள் பல்லாயிரம் ஆண்டுப் பழைய மழையைச் சொல்லியிருக்கின்றன.

15. கோயில் பக்கத்துல பெரிய மரம் ஒண்ணு சாஞ்சிருச்சு. ஒரு வட்டு அறுத்து வெச்சிருக்கேன், யாருக்காவது உதவுமா?

என்ன மரம் என்பதைப் பொறுத்தது. மேலே வடக்கே, கெடா, பெர்லிஸ் பக்கத்துத் தேக்கு என்றால் வாய்ப்பு கூடுதல். மற்றவற்றையும் உடனே விறகாக்க வேண்டாம். வளையம் தெரியாத வெப்பமண்டல மரத்திலும், கட்டையிலுள்ள ஆக்சிஜனின் வகைகளை மெல்லிய சீவலாக அளந்து பருவங்களைப் பிரிக்கிறார்கள். 1963 வாக்கில் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் உச்சம் தொட்ட கதிரியக்கக் கரியை வைத்து அந்த ஆண்டின் இடத்தையும் குறித்துவிடுகிறார்கள்.

வட்டின் பின்புறம் பென்சிலால் மரத்தின் பெயர், இடம், சாய்ந்த தேதி, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அறுத்தது, எந்தப் பக்கம் வடக்கு என்று எழுதிவையுங்கள். தேதி இல்லாத வட்டில் கடைசி வளையம் எந்த ஆண்டு என்றே தெரியாது. பட்டையை உரிக்காதீர்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும், நிழலில் சாய்த்து உலரவிடுங்கள். வார்னிஷ் பூச வேண்டாம். அப்புறம் படம் எடுத்துக் கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.